போர் வேணாம்னு பேச வர்றவங்க கூட்டத்துக்குப் போலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராமநாதபுரம் கடலோரத்துல ஒரு காலேஜ்ல வரலாறு எடுக்குற கெஸ்ட் லெக்சரர். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போர் எதிர்ப்பாளர் யாரையாவது கூப்பிட்டு எங்க செமினார் ஹால்ல பேசச் சொல்றோம். நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கே பிள்ளைங்க, அவங்க வீட்டு ஆளுங்க, பஸ் ஸ்டாண்ட் டீக்கடைல பார்க்குறவங்கன்னு எல்லாரும் கேக்குறது ஒரே சந்தேகங்கதான். ஒவ்வொருத்தருக்கா சொல்றதை விட எழுதி வச்சிருவோம்னு உக்காந்தேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

மிஸ், போர் எதிர்ப்பாளர்னா யாரு, ஏதாவது கட்சிக்காரரா?

கட்சில இருக்குறவங்களும் உண்டு, இல்லாதவங்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட போரையோ இல்ல எல்லாப் போரையுமோ நிறுத்தணும்னு வேலை பார்க்குறவங்கன்னு வச்சுக்கங்க. அவங்க அதுக்குள்ள வந்த வழிதான் ஆளாளுக்கு வேற. ஜப்பான்ல ஹிரோஷிமா, நாகசாகி குண்டுக்குத் தப்பிப் பொழச்சவங்க சேர்ந்து நடத்துற நிஹோன் ஹிடாங்க்யோங்குற அமைப்புக்கு 2024-ல நோபல் அமைதிப் பரிசு கிடைச்சுச்சு, அவங்க தலைவருங்க இல்ல, தங்களோட உடம்புல நடந்ததை ஊர் ஊராப் போய்ச் சொல்லியே வயசானவங்க. முகமது அலி குத்துச்சண்டைல உலக சாம்பியனா இருக்கும்போதே 1967-ல வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தப்போ வரமாட்டேன்னு நின்னாரு, பட்டத்தைப் பிடுங்கிட்டாங்க, மூணு வருஷத்துக்கு மேல ரிங்குக்குள்ள விடல, 1971-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. இப்படி டாக்டரா இருந்தவங்க, சிப்பாயா இருந்தவங்க, பிள்ளையைத் தொலைச்ச அம்மான்னு யார் வேணா இருக்கலாம்.

இதெல்லாம் வெள்ளக்காரன் சமாச்சாரம்தான மிஸ், நம்ம ஆளுங்க வீரம் பேசுறவங்கதான?

இல்லப்பா. புறநானூற்றுல 45-ஆவது பாட்டு ஒரு போர் எதிர்ப்புப் பேச்சுதான். நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டிருக்கான், உள்ள நெடுங்கிள்ளி, ரெண்டு பேருமே சோழன். புலவர் கோவூர் கிழார் நடுவுல போய் நிக்குறாரு. நீ சண்டை போடுறவன் பனம்பூ மாலைக்காரனும் இல்ல, வேப்பம்பூ மாலைக்காரனும் இல்ல, உன் கழுத்துலயும் ஆத்தி அவன் கழுத்துலயும் ஆத்தி, யார் தோத்தாலும் தோக்குறது உங்க குடிதான்னு சொல்றாரு. பனை சேரனுக்கு, வேம்பு பாண்டியனுக்கு, ஆத்தி சோழனுக்கு.

ஒரு ராஜா முகத்துக்கு நேரா, அதுவும் அவர் ஜெயிக்கப் போற நேரத்துல இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும். கோவூர் கிழார் ஒருத்தர் பக்கம் நின்னு மத்தவரைத் திட்டல பாருங்க, ரெண்டு பக்கத்துச் சாவையும் ஒரே கணக்குல எழுதுறாரு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி ரெண்டு மூணு கேள்விக்கு இங்கதான் திரும்பி வருவேன்.

போர் எங்கயோ நடக்குது, நாம ராம்நாட்ல இருக்கோம், நமக்கு என்ன வந்துச்சு?

இந்தக் கேள்வி வேற ஊர்ல கேட்டா கூடப் பரவாயில்ல. தனுஷ்கோடி அரிச்சல்முனைல நின்னா இலங்கைல இருக்குற தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், ராம்நாட்டுக்குப் போறதை விட அது கிட்ட. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் படகு படகா ஜனங்க வந்து இறங்குனது இந்த மணல்லதான். 1990 ஜூன்ல திரும்பப் போர் வெடிச்சப்போ அடுத்த அலை. இந்த ரெண்டு அலைலயும் தனித்தனியா ஒரு லட்சம் பேருக்கு மேல வந்தாங்க. மண்டபம் முகாம் வழியா எத்தனை தடவை பஸ்ல போயிருப்பீங்க, வெள்ளக்காரன் காலத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன நம்ம சனத்தை நோய் இருக்கான்னு தடுத்து வச்சுப் பார்த்து அனுப்புன இடம் அது, போறதுக்குக் கட்டுன இடத்துலயே திரும்பி வந்தவங்க தங்குனாங்க. 2022-ல அங்க சாப்பாட்டுக்கே வழியில்லாமப் போனப்பவும் மணல் திட்டுல இறக்கி விட்டுட்டுப் போன குடும்பங்களைக் கடலோரக் காவல் படை கூட்டிட்டு வந்ததை டிவில பார்த்திருப்பீங்க.

எங்க அப்பத்தா தங்கச்சிமடத்துல இருந்தாங்க. 1990-ல ராத்திரி ரெண்டு மணிக்கு நனைஞ்ச சேலையோட ஒரு அம்மா கைப்பிள்ளையைத் தூக்கிட்டு வாசல்ல நின்னுச்சாம், பேரு என்ன ஊரு என்னன்னு எதுவும் கேக்காம அப்பத்தா முதல்ல கேட்டது புள்ள பால் குடிச்சு எவ்வளவு நேரமாச்சுன்னுதான். சாகுற வரைக்கும் இந்தக் கதையைச் சொன்னாங்க, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல குரல் உடைஞ்சிரும்.

கடல் பக்கம் மட்டும் இல்ல. கீழக்கரை, தொண்டி, பனைக்குளம்னு வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடால இருக்காங்க. 1990 ஆகஸ்ட் 2-ல ஈராக் குவைத்துக்குள்ள புகுந்தப்போ அங்க மாட்டிக்கிட்ட இந்தியருங்க 1,70,000 பேருக்கு மேல, அம்மான் வரைக்கும் பஸ்ல வந்து ஏர் இந்தியா விமானத்துல ஊர் வந்து சேந்தாங்க. அந்த ரெண்டு மாசம் மணியார்டர் வராத வீடு எத்தனைன்னு உங்க வாப்பா, பெரியவாப்பாகிட்ட கேளுங்க.

அட்டெண்டன்ஸ் உண்டா? ஓ.டி. (ஆன் டியூட்டி) போடுவாங்களா?

உண்டு, ஹால் வாசல்ல பேர் எழுதுனாப் போதும். ஆனா பேர் எழுதிட்டுப் பின் கதவு வழியா கேன்டீன் போறதா இருந்தா நேரா கேன்டீனுக்கே போயிருங்க, உள்ள ஒரு சீட் மிச்சமாகும்.

டீச்சர், நாங்க காலேஜ் ஆளு இல்ல, மீன்பிடிக்கிறவங்க. உள்ள விடுவாங்களா?

விடுவாங்க. கேட்ல ஆதார் காட்டிப் பேர் எழுதச் சொல்வாங்க, முன்னாடியே எங்ககிட்டச் சொல்லிட்டா லிஸ்ட்ல சேர்த்து வாட்ச்மேன்கிட்ட குடுத்துருவோம். விசைப்படகு கடலுக்குப் போற நாள்ல வச்சா நீங்க யாரும் வரமுடியாதுன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு, அவர் சொன்னது நியாயம். அதுலருந்து கரைல இருக்குற நாளாப் பார்த்துத்தான் வைக்குறோம். வெள்ளிக்கிழமை வச்சா ஜும்மா முடிஞ்சு மூணு மணிக்கு மேல, ஞாயித்துக்கிழமை வைக்குறதே இல்ல.

கூச்சப்படாம முன் வரிசைல உக்காருங்க. சண்டை நடந்த காலம் பூரா அந்தத் தண்ணில வலை விட்டவங்க நீங்க, துப்பாக்கிச் சூட்டுல ஆள் செத்து, படகு போய், கரைக்கு வந்து சேராதவங்களுக்குக் காத்துக் கெடந்த ஊருங்க இது. பேச வர்றவங்களே உங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது நெறைய இருக்கு.

வீட்ல விடமாட்டேங்குறாங்க மிஸ், பொம்பளைப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு உம்மா கேக்குது.

உம்மாவையும் கூட்டிட்டு வா, இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன். போன தடவை அப்படி மூணு பேர் வந்தாங்க, அதுல ஒரு உம்மா கடைசில மைக் வாங்கிப் பேசுனாங்க. அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருவோம், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை போற பஸ் எல்லாம் அப்ப கிடைக்கும், கடைசிப் பொண்ணு ஏறுற வரைக்கும் எங்கள்ல ஒருத்தர் ஸ்டாப்புல நிப்போம். வேணும்னா போன் நம்பர் குடு, உன் வீட்டுக்கு நானே பேசுறேன்.

போர்ல முதல்ல வீட்டை இழக்குறது பொம்பளைங்கதான், பிள்ளையைத் தேடி அலையுறதும் அவங்கதான். இலங்கைல கிளிநொச்சில 2017 பிப்ரவரில காணாமப்போன பிள்ளைங்க போட்டோவை மடில வச்சுக்கிட்டு ரோட்டோரம் பந்தல் போட்டு உக்காந்த அம்மாங்க வருஷக்கணக்கா அங்கயே இருந்தாங்க, கேட்டது ஒண்ணே ஒண்ணு, எங்க பிள்ளை எங்கன்னு. பொம்பளைப்புள்ளைக்கு எதுக்குன்னு கேட்டா இதைச் சொல்லு.

இங்கிலீஷ்ல பேசுனா எனக்கு ஒண்ணும் புரியாதே?

வெளியாள் வந்தா ஒரு பத்தி பேசி நிறுத்த, தமிழ்ல ஒருத்தர் சொல்வாங்க. அதனால நேரம் ரெண்டு மடங்கு ஆகும், பொறுமை வேணும். கேள்வியைத் தமிழ்லயே கேளுங்க, இதுல வெக்கப்பட எதுவும் இல்ல.

முன்னாடி ஏதாவது படிச்சிட்டு வரணுமா?

கட்டாயம் இல்ல, ஆனா ஒரு மேப் பார்த்துட்டு வாங்க. பேசுறவர் எந்த நாட்டைப் பத்திப் பேசுறாரோ அது எங்க இருக்கு, பக்கத்துல யாரு, கடல் எந்தப் பக்கம், இவ்வளவு தெரிஞ்சாலே பாதி புரியும். ஈழப்போர் பத்தின்னா வருஷம் மட்டும் குறிச்சுக்கங்க: 1983-லருந்து 1987, 1990-லருந்து 1995, 1995-லருந்து 2002, 2006-லருந்து 2009 மே வரைக்கும், நாலு கட்டம். நடுவுல 1987 ஜூலை 29-ல ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டு நம்ம படை போச்சு, 1990 மார்ச்ல திரும்புச்சு. இது தெரியாம வந்தா எந்தச் சம்பவம் எந்தக் கட்டத்துலன்னு குழம்பிரும், குழம்புனா வாட்ஸ்அப்ல வர்றதுதான் மனசுல நிக்கும்.

போலீஸ் வருமாமே? கேஸ் ஆயிருமா?

வந்தாலும் வருவாங்க, இது எல்லைக் கடற்கரை, கியூ பிராஞ்ச்காரங்க, அதான் போலீஸ் உளவுப் பிரிவு, மஃப்டில வந்து பின்னாடி உக்காந்து குறிப்பு எடுக்குறது இந்தப் பக்கம் புதுசு இல்ல. அவங்க வேலையை அவங்க பார்ப்பாங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க. கேக்குறது குத்தம் இல்ல. அரசியல் சட்டம் 19-ஆவது பிரிவு பேசுற உரிமையைக் குடுக்குது, அதுக்கு என்னென்ன நியாயமான கட்டுப்பாடுன்னும் அதே பிரிவுல சொல்லுது. 51-ஆவது பிரிவு உலக அமைதிக்கு அரசே முயற்சி பண்ணணும்னு சொல்லுது, அது வழிகாட்டு நெறிதான், கோர்ட்ல போய்க் கேக்க முடியாது, ஆனாலும் அமைதி பத்திப் பேசுறது இந்த நாட்டுக்கு விரோதம் இல்லன்னு சொல்ல அது போதும்.

கோடு எங்க இருக்குன்னும் தெரிஞ்சிருக்கணும். விடுதலைப் புலிகள் 1992-லருந்து இங்க தடை செஞ்ச அமைப்பு, 2024 மே மாசம் தடையை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. போர்ல செத்தவங்களுக்கு அழுறது வேற, தடை செஞ்ச அமைப்போட கொடி, படம், சின்னம் எடுத்துட்டு வர்றது வேற. எங்க ஹாலுக்குள்ள ரெண்டாவது கிடையாது, அது உங்க பாதுகாப்புக்கும்தான். வெளிநாட்டுல இருந்து வர்றவங்களை மேடை ஏத்துறதுக்கு முன்னாடி அவங்க விசா பேசுறதுக்கு ஏத்ததான்னு காலேஜ் பார்த்துரும், டூரிஸ்ட் விசால வந்தவங்களை ஏத்துறதில்ல.

நாங்கள் கேம்ப்ல இருக்கிறம் மிஸ். வந்தா எங்களுக்குப் பிரச்சினை வருமோ?

இந்தக் கேள்வியைக் கேக்குற பிள்ளைங்க எப்பவும் மெதுவா, யாரும் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் கேப்பாங்க, அதுவே எனக்குக் கஷ்டமா இருக்கும். காலேஜ் மாணவரா காலேஜ்ல நடக்குற நிகழ்ச்சிக்கு வர்றது மத்த மாணவங்க வர்ற மாதிரியேதான். முகாம்ல பதிவு எடுக்குற நாளா இருந்தா அதை விட்டுட்டு வராதீங்க, முதல்ல அதை முடிங்க, தேவைப்பட்டா நிகழ்ச்சிக் கடிதம் ஒண்ணு டிபார்ட்மென்ட்ல வாங்கிக் கைல வச்சுக்கங்க. 2021-ல அகதி முகாம்ங்குற பேரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, பேர் மாறுன அளவுக்கு உங்க பயம் மாறலன்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணு மட்டும் மத்தவங்களுக்குச் சொல்லிக்கிறேன். கேம்ப் பிள்ளை ஒருத்தர் உக்காந்திருக்காங்கங்குறதுக்காக அவங்களைத் திருப்பிப் பார்த்து நீ சொல்லேன், நீ பார்த்திருப்பேல்லன்னு கேக்காதீங்க. முதலாவது, அவங்கள்ல நிறையப் பேர் இங்கயே பிறந்து வளர்ந்தவங்க, அந்தப் போரைக் கண்ணால பார்த்தது அவங்க அப்பா அம்மா. ரெண்டாவது, பார்த்திருந்தாலும் அதைச் சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்.

எங்க அப்பா மிலிட்டரி. நான் போனா அவரை அவமானப்படுத்துன மாதிரி ஆகாதா?

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் இருந்து வர்ற பிள்ளைங்க இதைக் கேப்பாங்க, உச்சிப்புளில கடற்படை விமானதளத்து ஹெலிகாப்டரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைங்களும் கேப்பாங்க. ஆகாது தம்பி. போரை எதிர்க்குறது வேற, சிப்பாயை எதிர்க்குறது வேற. நம்ம படை இலங்கைக்குப் போன அந்த ரெண்டரை வருஷத்துல ஆயிரத்துக்கு மேல ஜவான்கள் செத்தாங்க. அனுப்புன முடிவு சரியான்னு கேள்வி கேட்டா செத்தவங்களுக்கு அது அவமானமா? அந்தக் கேள்வியை யாரும் கேக்காம விட்டாத்தான் அவமானம்னு நான் நினைக்கிறேன். அதே நேரம் அந்தப் படை இருந்தப்போ யாழ்ப்பாணத்துல செத்துப்போன சாதாரண ஜனங்களையும் சேர்த்துத்தான் எண்ணணும், கோவூர் கிழார் கணக்கு அதுதான்.

உலகத்துல போரை எதிர்த்து ரொம்ப அழுத்தமாப் பேசுனவங்கள்ல போருக்குப் போய் வந்தவங்க நிறைய. 1971 ஏப்ரல்ல வியட்நாம்ல இருந்து திரும்புன நூத்துக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்ங்க வரிசைல நின்னு ஒவ்வொருத்தரா அவங்க மெடலை வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டடத்து முன்னாடி வீசி எறிஞ்சாங்க. அவங்களை யாரும் கோழைன்னு சொல்ல முடியாது. அப்பா லீவுல வந்திருந்தா அவரையும் கூட்டிட்டு வா, எங்களுக்குப் பெருமை.

அடிச்சா திருப்பி அடிக்க வேணாமா? அவன் வந்து சுட்டா நாம பேச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?

நேர்மையான கேள்வி, இதைக் கூட்டத்துலயே எந்திரிச்சுக் கேளுங்க. போர் எதிர்ப்பாளருங்க எல்லாரும் இதுக்கு ஒரே பதில் சொல்றதில்ல. எந்த நிலைமைலயும் ஆயுதம் எடுக்கமாட்டேன்னு சொல்றவங்க ஒரு வகை. தற்காத்துக்கலாம், ஆனா படையெடுக்கக் கூடாது, ஊருக்குள்ள குண்டு போடக் கூடாதுன்னு சொல்றவங்க இன்னொரு வகை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்னு ஒரு இங்கிலாந்துத் தத்துவ ஆள், முதல் உலகப்போரை எதிர்த்து எழுதி 1918-ல ஜெயிலுக்குப் போனாரு, அதே ஆள் ஹிட்லர் வந்தப்போ இந்தத் தடவை எதிர்த்து நிக்கத்தான் வேணும்னாரு, அப்புறம் 1955-ல ஐன்ஸ்டீன் கையெழுத்தும் வாங்கி அணுகுண்டுக்கு எதிரா அறிக்கை விட்டாரு, 1961-ல 89 வயசுல மறுபடி ஜெயில். ஒரே மனுசன், ஒவ்வொரு போருக்கும் தனித்தனியா யோசிச்சிருக்காரு.

என் நிலைப்பாடு கேட்டீங்கன்னா, தற்காப்புன்னு ஆரம்பிக்குற எதுவும் எந்த இடத்துல தற்காப்பா இருக்குறது நின்னு போகுதுங்குறதைக் கவனிக்கணும். பேச வர்றவர்கிட்ட இதைக் கேட்டுப் பாருங்க, அவர் தடுமாறுனா தப்பில்ல, யோசிக்குறாருன்னு அர்த்தம்.

காசா பத்திப் பேசுறாங்க, உக்ரைன் பத்திப் பேசுறாங்க, ஈழத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்குறதில்ல. இல்லாட்டி ஈழம் மட்டும் பேசி மத்ததை விட்டுர்றாங்க. இதை எப்படி எடுத்துக்குறது?

ஒருத்தர் ஒரு மணி நேரத்துல எல்லாப் போரையும் பேச முடியாது, அதனால எதை விட்டாருன்னு மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நான் பார்க்குறது வேற ஒண்ணு. அவர் தன் பக்கத்து ஆளுங்க செஞ்ச கொலையையும் எண்ணுறாரா? அது ஒண்ணுதான் எனக்கு அளவுகோல். எதிரி கொன்னதை மட்டும் எண்ணுறதுக்குப் பேர் பிரச்சாரம்.

இதுக்கு நம்ம கடலுக்கு அந்தப் பக்கமே ஒருத்தங்க இருந்தாங்க. ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல உடற்கூறியல் துறைத் தலைவர். கூட இருந்த பேராசிரியருங்களோட சேர்ந்து மனித உரிமைக்கான ஆசிரியர் அமைப்பு நடத்துனாங்க, இலங்கைப் படை செஞ்சதையும் எழுதுனாங்க, நம்ம படை செஞ்சதையும் எழுதுனாங்க, புலிகள் மத்த இயக்கங்கள் செஞ்சதையும் எழுதுனாங்க. 1989 செப்டம்பர் 21 அன்னைக்கு வேலை முடிஞ்சு சைக்கிள்ல வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்னுட்டாங்க, 35 வயசு, ரெண்டு பெண் பிள்ளைங்க. காலேஜ் வளாகத்துக்குள்ள ஒருத்தர் போருக்கு எதிராப் பேசுறதோட விலை என்னன்னு கேட்டா நான் இவங்க பேரைத்தான் சொல்வேன்.

கீழக்கரைப் பிள்ளைங்க ஒருத்தர் கேட்டாங்க, எங்க ஆளுங்களுக்கு நடந்ததை யார் பேசுவாங்கன்னு. 1990 அக்டோபர்ல இலங்கை வட மாகாணத்து முஸ்லிம்களை, 70,000 பேருக்கு மேல, புலிகள் வெளியேத்துனாங்க, யாழ்ப்பாணத்துல கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம்தான் குடுத்தாங்க. மன்னார்க்காரங்க நிறையப் பேர் நம்மூர் மாதிரியே ஒரு கடற்கரைல இருந்து படகு ஏறிப் புத்தளம் பக்கம் போனாங்க. ஆத்தி மாலையும் ஆத்தி மாலையும்தான் அதுவும், தமிழ் பேசுற வாய் தமிழ் பேசுற வாயை விரட்டுச்சு. இதைப் பேசாம 2009-ஐ மட்டும் பேசுனா கணக்கு பாதிதான், 2009-ஐப் பேசாம இதை மட்டும் பேசுனாலும் பாதிதான்.

அவங்க சொல்ற நம்பர் எல்லாம் உண்மையா? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்களே?

2009 கடைசிக் கட்டத்தையே எடுத்துக்கங்க. இலங்கை அரசு முதல்ல பொதுமக்கள் யாரும் சாகாத மாதிரியே பேசுச்சு. 2011-ல ஐ.நா. பொதுச்செயலாளர் போட்ட குழு, 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு சொல்லுச்சு. 2012-ல ஐ.நா. தன்னோட செயல்பாட்டைத் தானே விசாரிச்ச அறிக்கை 70,000 வரைக்கும் இருக்கலாம்னுச்சு. ஒரே சில மாசத்துக்கு இத்தனை கணக்கு.

அதனால நம்பர் கேட்டா கூடவே மூணு கேளுங்க, யார் எண்ணுனது, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரை, பொதுமக்கள் மட்டுமா இல்ல ஆயுதம் தூக்குனவங்களும் சேர்த்தா. ஹிரோஷிமால 1945 கடைசிக்குள்ள சுமார் 1,40,000 பேர்னு சொல்றதுலயும் அந்த "கடைசிக்குள்ள"ங்குற வார்த்தை முக்கியம், குண்டு விழுந்த ஆகஸ்ட் 6 அன்னைக்குச் செத்தவங்க மட்டும் இல்ல அது. நல்ல பேச்சாளர் இப்படிக் கேட்டா கோவப்படமாட்டாரு.

கேள்வி கேக்க ஆசைதான், மைக் கைல வந்தா நாக்கு ஒட்டிக்குது மிஸ்.

எழுதி வச்சு வாசிங்க. நானே முதல் தடவை அப்படித்தான் கேட்டேன். ரெண்டு வரிக்கு மேல போகாதீங்க, கேள்விக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் சொந்தப் பேச்சு பேசுறவங்களால பின்னாடி நிக்குற நாலு பேருக்கு வாய்ப்பு போகுது.

என்ன கேக்குறதுன்னு தெரியலன்னா உங்க ஊரை வச்சுக் கேளுங்க. போன வருஷம் பாம்பன் பையன் ஒருத்தன் கேட்டான், சண்டை முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, எங்க ஐயா இன்னும் கடல்ல கடற்படைப் படகு சத்தம் கேட்டா கை நடுங்குறாரு, இது எப்ப முடியும்னு. பேச வந்தவர் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் என்கிட்ட பதில் இல்ல தம்பி, உங்க ஐயா என்ன சொல்றாருன்னு சொல்லுன்னாரு. அந்த அரை மணி நேரம் அவன் பேசுனான், நாங்க எல்லாரும் கேட்டோம், இது வரைக்கும் எங்க ஹால்ல நடந்ததுலயே நல்ல அரை மணி நேரம் அதுதான்.

எனக்குப் பிடிக்காததைச் சொன்னா கோஷம் போட்டு வெளிநடப்பு பண்ணலாமா?

எந்திரிச்சுப் போறது உங்க உரிமை, சத்தம் போடாமப் போங்க. மத்தவங்க கேக்க விடாமக் கத்துறது உரிமை இல்ல. கேள்வி நேரம் அரை மணி ஒதுக்கியிருக்கோம், அங்க கேளுங்க, மேல சொன்ன மாதிரி எழுதியாவது கேளுங்க.

படம் எல்லாம் காட்டுவாங்களா? எனக்கு ரத்தம் பார்த்தா தலை சுத்தும்.

காட்டுறதா இருந்தா முன்னாடியே சொல்லச் சொல்லியிருக்கோம். கண்ணை மூடிக்கலாம், வெளிய போலாம், யாரும் எதுவும் நினைக்கமாட்டாங்க. அழுகை வந்தா அழுங்க. கதவுக்குப் பக்கத்துல தண்ணியோட ஒரு மிஸ் உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்டப் போய் உக்காந்துக்கங்க.

வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா?

பேசுறவரை எடுக்கலாம், அவர் சரின்னு சொன்னா. கூட்டத்தை எடுக்காதீங்க. ஏன்னு கேம்ப் கேள்விக்கும் போலீஸ் கேள்விக்கும் சொன்ன பதிலைச் சேர்த்துப் படிச்சாப் புரியும், ஒருத்தர் முகம் உங்க ஸ்டேட்டஸ்ல வந்து அதனால அவங்க யாருக்காவது பதில் சொல்ல வேண்டி வந்தா அதை உங்களால திருப்பி எடுக்க முடியாது. ஒரு மணி நேரப் பேச்சுல இருபது செகண்ட் வெட்டிப் போடுறதும் வேணாம், அவர் சொன்னதுக்கு நேர் எதிரா அர்த்தம் வந்துரும்.

ஒரு பேச்சுக் கேட்டா போர் நின்னுருமா?

நிக்காது. 2003 பிப்ரவரி 15-ல உலகம் பூரா நூத்துக்கணக்கான ஊர்ல லட்சலட்சமா ஜனங்க ரோட்டுக்கு வந்து ஈராக் மேல போர் வேணாம்னாங்க, மார்ச் 20-ல போர் ஆரம்பிச்சிருச்சு. இதை மறைச்சுட்டு உங்களைக் கூப்பிட எனக்கு இஷ்டம் இல்ல.

ஆனா இன்னொண்ணையும் பாருங்க. 1965 மார்ச்ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல வாத்தியாருங்களும் மாணவங்களும் ராத்திரி பூரா முழிச்சிருந்து வியட்நாம் பத்திப் பேசுனாங்க, கேள்வி கேட்டாங்க, அதைப் பார்த்து மத்த காலேஜுங்க ஒவ்வொண்ணா அதே மாதிரி நடத்துச்சு. அமெரிக்கப் படை அங்கருந்து முழுசா வர 1973 ஆச்சு, அதுக்கு இந்தப் பேச்சு மட்டும் காரணம்னு சொல்லமாட்டேன், ஆனா எதிர்ப்பு வளர்ந்ததுல அந்த ராத்திரிங்களுக்குப் பங்கு இருக்கு. கண்ணிவெடியைத் தடை பண்ணணும்னு சாதாரண ஜனங்க அமைப்புங்க சேர்ந்து கேட்டுக் கேட்டே 1997-ல ஒப்பந்தம் வந்துச்சு, அதே வருஷம் அவங்களுக்கு நோபல். இலங்கை 2017-ல அதுல சேர்ந்துச்சு, இந்தியா இன்னும் சேரல. வன்னில சண்டை முடிஞ்சு வருஷக்கணக்கா மண்ணை விரல் விரலாத் தடவி கண்ணிவெடி எடுத்தவங்கள்ல நிறையப் பேர் பொம்பளைங்க, புருஷனைப் போர்ல குடுத்தவங்க.

சரி மிஸ், கேட்டுட்டு வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணட்டும்?

வீட்ல வயசானவங்க யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட உக்காருங்க. 1983-ல நீங்க எங்க இருந்தீங்க, 1990-ல யார் வந்தா, குவைத்ல இருந்து எப்படி வந்தீங்கன்னு கேளுங்க. போன்ல பதிவு பண்றதா இருந்தா கேட்டுட்டுப் பண்ணுங்க, இல்லாட்டி நோட்டுல எழுதுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, அழகுபடுத்தாதீங்க. தேதி தெரியலன்னா அன்னைக்கு என்ன மீன் பட்டுச்சு, யார் வீட்டுக் கல்யாணம், என்ன மழைன்னு கேட்டா அவங்களே வருஷத்தைப் பிடிச்சிருவாங்க. அப்பத்தா கதையை நான் எழுதி வைக்கல, அந்த அம்மா பேரு என்னன்னு அப்புறமாவது கேட்டீங்களான்னு அப்பத்தாகிட்டக் கேக்கணும்னு எனக்குத் தோணுனப்போ அவங்க இல்ல.

இது வரைக்கும் பிள்ளைங்க எழுதிக் குடுத்தது 11 நோட்டு லைப்ரரில இருக்கு, வரலாற்று அலமாரில மேல் தட்டு, நீல அட்டை. பேர் போட வேணாம்னு சொன்னவங்களோடது ஊர் பேர் மட்டும் போட்டிருக்கு. வந்து வாசிக்கலாம், உங்களோடதைக் கொண்டு வந்து வைக்கலாம், மதியம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்.